வால்வு கிற்றார் அம்ப்பின் ரீங்காரம்: எங்கிருந்து வருகிறது, எப்படிக் குறைப்பது?

வீட்டில் செய்த வால்வு கிற்றார் அம்ப் ஒன்றை முதன்முதலாக இயக்கும்போது, பாட்டுக்கு முன்னர் ஒலிபெருக்கியில் கேட்பது பெரும்பாலும் "ம்ம்ம்" என்ற ரீங்காரம்தான். அதை நிறுத்துவதற்குப் பலரும் கையாளும் குறுக்கு வழி ஒன்று உண்டு. மூன்று முள் பிளக்கின் எர்த் வயரைக் கழற்றிவிடுவதே அது. சிலவேளைகளில் ரீங்காரம் நின்றும் விடும். ஆனால் கிற்றாரின் கம்பிகள், கேபிளின் வெளி உறை வழியாக, அம்ப்பின் உலோகச் சட்டகத்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத அம்ப்பில் ஒரு வயரின் காப்பு உரிந்து சட்டகத்தில் பட்டால், 230 வோல்ற் மின்சாரம் வாசிப்பவரின் விரல்களுக்கே வந்து சேரும்.

ரீங்காரத்துக்கு எப்போதும் ஒரு பிறப்பிடம் உண்டு. காதாலும் சில எளிய சோதனைகளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியும். எர்த் வயரில் கை வைக்கத் தேவையே இல்லை.

உதாரணத்துக்கு, உலகெங்கும் அதிகமாகப் பின்பற்றிச் செய்யப்படும் ஒரு சிறிய சுற்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பென்டர் நிறுவனம் 1950களில் வெளியிட்ட சாம்ப் அம்ப்பின் 5எப்1 சுற்று அது. அதில் மூன்றே வால்வுகள். கிற்றாரின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7 (ஈசிசி83 என்ற பெயரிலும் கிடைக்கும்), ஒலிபெருக்கியை இயக்க ஒரு 6வீ6, ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க ஒரு 5வை3. வலு சுமார் 5 வாற். கீழே சொல்லப்படுபவை ஏனைய வால்வு அம்ப்களுக்கும் பெரிதும் பொருந்தும்.

திறப்பதற்கு முன்

இந்தச் சிறிய அம்ப்புக்குள்ளும் 350 வோல்ற் அளவில் நேரோட்ட மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகள் (கடைகளில் கப்பாசிற்றர் என்று கேட்க வேண்டும்) அந்த மின்னேற்றத்தை வைத்திருக்கும்.

வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருப்பதால் ஆபத்தில்லை என்ற எண்ணம் இங்கே தவறானது. ஒரு கை உயர் அழுத்த வயரிலும் மறு கை சட்டகத்திலும் பட்டால், மின்சாரம் மின்மாற்றியின் இரண்டாம் சுருளுக்கும் உடலுக்கும் இடையில் மட்டுமே ஓடும். மின்மாற்றிக்கு அப்பால் நடப்பதை ட்ரிப் சுவிட்ச் அறியாது; விழவும் மாட்டாது.

ஆகவே பின்வருவனவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

- முதலாவது பெரிய கொள்ளளவிக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாற் தடையி ஒன்றை நிரந்தரமாகப் பொருத்துங்கள். பிளக்கைக் கழற்றியதும் ஒரு நிமிடத்துக்குள் அது மின்னேற்றத்தை வடித்துவிடும்.
- அப்படி இருந்தாலும், ஒவ்வொரு கொள்ளளவியையும் மல்ரிமீற்றரால் அளந்து பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். ஸ்குரூ டிரைவரால் முனைகளைத் தொட்டு வெடிக்க வைப்பது வேண்டாம்.
- இயங்கும் நிலையில் அளக்க நேர்ந்தால் ஒரு கையை மட்டும் பயன்படுத்துங்கள். காலில் காய்ந்த செருப்பு இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.
- பச்சை மஞ்சள் எர்த் வயரைச் சட்டகத்தில் தனக்கென்று ஒரு போல்ற்றில் இறுக்குங்கள். வேறு எந்த வயரையும் அந்தப் போல்ற்றில் சேர்க்க வேண்டாம்.
- பழைய அமெரிக்க அம்ப் வரைபடங்கள் பலவற்றில், மின்வழங்கல் வயருக்கும் சட்டகத்துக்கும் இடையே ஒரு கொள்ளளவி காட்டப்பட்டிருக்கும். அவை இரண்டு முள் பிளக் காலத்து வரைபடங்கள். அந்தக் கொள்ளளவியைப் பொருத்த வேண்டாம்.

அம்ப்பில் எர்த் வயர் இருந்தாலும், சுவரில் உள்ள சொக்கற்றுக்கு எர்த் வந்திருக்க வேண்டும். தற்காலிக இணைப்பில் இருக்கும் வீடுகளிலும், சிறிய ஜெனரேற்றரில் நடக்கும் நிகழ்ச்சிகளிலும் இதை எடுகோளாகக் கொள்ளக் கூடாது. நிலம் காய்ந்துபோகும் மாதங்களில் எர்த் கம்பியின் தடையும் கூடும். மின் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

காதால் அடையாளம் காணுதல்

இலங்கையில் மின்வழங்கலின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். ஆகவே ரீங்காரம் இரண்டு சுருதிகளில் வரும். ஒன்று 50 ஹேர்ட்ஸ், மற்றையது அதன் இரட்டிப்பான 100 ஹேர்ட்ஸ். அமெரிக்கக் கட்டுரைகளில் 60, 120 என்று எழுதப்பட்டிருப்பதும் இதே இரண்டைத்தான்.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கிற்றாரே போதும். தடித்த ஈ கம்பியின் மூன்றாவது கட்டை 98 ஹேர்ட்ஸ். அம்ப்பில் செருகாமல் அதைத் தட்டிப் பாருங்கள். ரீங்காரம் ஏறத்தாழ அதே சுருதியில் இருந்தால் அது 100 ஹேர்ட்ஸ்: நேரோட்டம் சரியாகச் சீராகவில்லை என்று பொருள். ஒரு ஸ்தாயி கீழே, ஆழமாகக் கேட்டால் அது 50 ஹேர்ட்ஸ்: வால்வுகளின் சூடாக்கி வயர்கள், மின்மாற்றியின் காந்தப்புலம் அல்லது மறைப்பு இல்லாத உள்ளீட்டு வயர் காரணமாகலாம். வண்டு பறப்பது போல் கூர்மையான "ஸ்ஸ்ர்ர்" ஒலி என்றால் சட்டக இணைப்புகளின் ஒழுங்கைச் சந்தேகியுங்கள். "ஸ்ஸ்" என்ற வெறும் சீறலும் கரகரப்பும் ரீங்காரம் அல்ல. அவை வேறு காரணங்களால் வருபவை.

எந்தக் கட்டத்தில் பிறக்கிறது?

1. கிற்றார் கேபிளைக் கழற்றுங்கள். ரீங்காரம் நின்றால் குற்றம் அம்ப்பில் இல்லை. கிற்றாரிலோ கேபிளிலோ இருக்கிறது.
2. ஒலியளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். ரீங்காரம் மறைந்தால் அது முதலாவது பெருக்கக் கட்டத்தில் பிறக்கிறது. மாறாமல் இருந்தால் அதற்குப் பின்னால், அல்லது மின்வழங்கலில் பிறக்கிறது.
3. அம்ப்பை நிறுத்தி, வால்வு ஆறிய பின்னர் 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். இன்னமும் ரீங்காரம் இருந்தால் 6வீ6 கட்டம், மின்வழங்கல், மின்மாற்றிகள் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

எந்தச் சோதனையிலும் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு இயக்கக் கூடாது. வால்வு அம்ப் சுமை இல்லாமல் இயங்கினால் வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகலாம்.

சூடாக்கி வயர்கள்

வால்வுக்குள் செந்நிறமாக ஒளிரும் இழைதான் சூடாக்கி. 12ஏஎக்ஸ்7, 6வீ6 இரண்டுக்கும் 6.3 வோல்ற் ஆடலோட்டம் தேவை. இரண்டும் சேர்ந்து 0.75 அம்பியர் இழுக்கின்றன. இந்த வயர்களில் இவ்வளவு ஆடலோட்டம் தொடர்ந்து ஓடுகிறது. அதனால் பக்கத்தில் உள்ள வயர்களில் எளிதாக ரீங்காரத்தை ஏற்றிவிடும்.

இரண்டு வயர்களையும் இறுக்கமாக முறுக்கினால் ஒன்றின் புலத்தை மற்றையது அழித்துவிடும். முறுக்கிய வயரைச் சட்டகத்தின் மூலையோடு ஒட்டிக் கொண்டுசென்று, வால்வுத் தளத்துக்கு அருகில் மட்டும் உள்ளே திருப்புங்கள். உள்ளீட்டு வயரைக் கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

மூல 5எப்1 வரைபடத்தில் சூடாக்கிச் சுருளின் ஒரு முனை நேரடியாகச் சட்டகத்தில் இணைக்கப்பட்டிருக்கும். அதை அகற்றி, இரு முனைகளில் இருந்தும் தலா ஒரு 100 ஓம் தடையியைப் பொதுப் புள்ளி ஒன்றில் சேர்த்து, அந்தப் புள்ளியைச் சட்டகத்தோடு இணைத்தால் ரீங்காரம் தெளிவாகக் குறையும். சுருளில் நடுமுனை இருந்தால் இந்தத் தடையிகள் வேண்டாம், நடுமுனையையே இணைக்கலாம். இன்னும் குறைய வேண்டுமானால், அந்தப் பொதுப் புள்ளியைச் சட்டகத்துக்குப் பதிலாக 6வீ6இன் கதோட்டோடு இணையுங்கள். அங்குள்ள ஏறத்தாழ 20 வோல்ற், சூடாக்கியில் இருந்து கதோட்டுக்குக் கசியும் மின்னைத் தடுக்கும்.

நேரோட்டத்தைச் சீராக்குதல்

மின்சாரம் இல்லாத 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இது புதிய விடயம் அல்ல. டைனமோ தருவதும் ஆடலோட்டமே. இருவாயிகளால் திருத்தி, கொள்ளளவியால் சீராக்கினால்தான் வானொலி உறுமாமல் பாடும். அம்ப்பிலும் அதுவே நடக்கிறது. மின்னழுத்தம்தான் பல மடங்கு அதிகம்.

5எப்1இல் 16, 8, 8 மைக்ரோபரட் என மூன்று கொள்ளளவிகள், இடையில் 10 கிலோ ஓம், 22 கிலோ ஓம் தடையிகள். அவை 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்காகத் தெரிவுசெய்யப்பட்டவை. எமது 50 ஹேர்ட்ஸில் கொள்ளளவி ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால் முதலாவது கொள்ளளவியில் அலைவு ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். மேலும், ஒரே ஒரு 6வீ6 உள்ள அம்ப்பில் அந்த அலைவு நேரே ஒலிபெருக்கிக்குப் போகிறது. இரண்டு வால்வுகள் மாறி மாறித் தள்ளி இழுக்கும் பெரிய அம்ப்களில் அது பெருமளவு தானாகவே அழிந்துவிடும்.

முதலாவது கொள்ளளவியை விருப்பம்போல் பெரிதாக்க முடியாது. 5வை3 வால்வு தாங்காது. அதை 22 மைக்ரோபரட் அளவோடு நிறுத்துங்கள். அதற்கு அடுத்ததாக 220 ஓம், 5 வாற் தடையி ஒன்றையும் 47 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றையும் சேர்த்து, வெளியீட்டு மின்மாற்றிக்கான வழங்கலை அங்கிருந்து எடுங்கள். இழப்பது 11 வோல்ற் அளவுதான். 100 ஹேர்ட்ஸ் அலைவோ ஏறத்தாழ ஆறில் ஒன்றாகக் குறையும். கொள்ளளவிகள் 450 வோல்ற் அல்லது அதற்கு மேல் தாங்குபவையாகவும் புதியவையாகவும் இருக்கட்டும். பழைய வானொலியில் இருந்து கழற்றியவை உள்ளே காய்ந்துபோயிருக்கும். முனைகளை மாற்றிப் பொருத்தினால் வெடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டு "எர்த்"கள்

உயிரைக் காக்கும் பச்சை மஞ்சள் வயர் ஒன்று. சுற்றின் மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொது இணைப்பு மற்றொன்று. இரண்டையும் எர்த் என்றே அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது. முதலாவதை ஒருபோதும் தொடக் கூடாது. திருத்தி அமைக்க வேண்டியது இரண்டாவதை.

எந்த வயருக்கும் சிறிதளவு தடை உண்டு. அதில் பெரிய மின்னோட்டம் ஓடினால் இரு முனைகளுக்கும் இடையே சில மில்லிவோல்ற் தோன்றும். கிற்றார் தருவதும் மில்லிவோல்ற்றுகள்தான். 12ஏஎக்ஸ்7க்கு இரண்டையும் வேறுபிரித்தறியத் தெரியாது.

எனவே உயர் அழுத்தச் சுருளின் நடுமுனையைச் சட்டகத்தில் இணைக்காமல், முதலாவது கொள்ளளவியின் எதிர்முனைக்கே நேராகக் கொண்டுசெல்லுங்கள். கூர்மையான வண்டொலி பெரும்பாலும் இதனாலேயே நின்றுவிடும். 6வீ6இன் திரும்பும் வயர்கள் அதற்கு வழங்கும் கொள்ளளவிக்கும், 12ஏஎக்ஸ்7இன் திரும்பும் வயர்கள் கடைசிக் கொள்ளளவிக்கும் போகட்டும். பிறகு இவற்றை வரிசையாக இணைத்து, உள்ளீட்டு ஜாக்குக்கு அருகில் ஒரே ஒரு புள்ளியில் சட்டகத்தைத் தொடச் செய்யுங்கள்.

மின்மாற்றிகளும் உள்ளீட்டு வயரும்

மின்வழங்கல் மின்மாற்றியையும் வெளியீட்டு மின்மாற்றியையும் இயன்றளவு தூரமாகவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் வைக்க வேண்டும். துளை போடுவதற்கு முன்னர் இதைச் சோதித்தால் பிறகு தலைவலி இல்லை. உள்ளீட்டு ஜாக்கில் இருந்து வால்வுக்குச் செல்லும் வயர் மறைப்பு உறை கொண்டதாக இருக்கட்டும். உறையை ஒரு முனையில் மட்டும் இணையுங்கள். உள்ளீட்டில் உள்ள 68 கிலோ ஓம் தடையிகளின் முனை வால்வுத் தளத்தின் முள்ளுக்கு மிக அருகில் வரட்டும். சட்டகத்தின் திறந்த பக்கத்தை உலோகத் தகட்டால் மூடுங்கள்.

மின்மாற்றியே அதிர்ந்து ஒலித்தால் அது வேறு விடயம். போல்ற்றுகளை இறுக்கிப் பாருங்கள். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்யப்பட்ட மின்மாற்றி இங்கே கூடுதலாகச் சூடாகி உறுமும். வெளிநாட்டில் இருந்து உறவினர் மூலம் வரவழைப்பவர்கள் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சீறலும் கரகரப்பும்

சீறல் அதிகம் என்றால் முதலில் வேறொரு 12ஏஎக்ஸ்7ஐப் போட்டுப் பாருங்கள். அடுத்து அதன் அனோட்டில் உள்ள 100 கிலோ ஓம் தடையிகளை உலோகப் படல வகைக்கு மாற்றுங்கள். பென்சிலால் வால்வைத் தட்டும்போது ஒலிபெருக்கியில் மணியடித்தால் அந்த வால்வு பழுது. ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் குமிழ் மட்டும் காரணம் அல்ல. அதற்கு முன்னால் உள்ள 0.02 மைக்ரோபரட் கொள்ளளவி நேரோட்டத்தைக் கசியவிடுவதாலும் இருக்கலாம்.

ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிற்றார் தானே ரீங்காரத்தைப் பிடிக்கும். அப்படியே நின்றபடி திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் குறைந்தால் அம்ப்பைத் திறக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள போன் சார்ஜர், எல்ஈடி விளக்கு, இன்வேற்றர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

வேலை ஒழுங்கு

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒலியளவைப் பூச்சியத்தில் வைத்து, ஒலிபெருக்கியின் முனைகளில் ஆடலோட்ட மில்லிவோல்ற்றை அளந்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கொப்பியில் எழுதிவையுங்கள். சுமார் 5 மில்லிவோல்ற்றுக்குக் கீழே வந்துவிட்டால் வாசிக்கும்போது ரீங்காரம் காதில் விழாது. வால்வு அம்ப்பில் முழுமையான அமைதியை எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவும் செய்த பின்னரும் எர்த் வயரைக் கழற்றினால்தான் ரீங்காரம் நிற்கிறது என்றால், இரண்டு கருவிகள் வெவ்வேறு சொக்கற்றுகளில் எர்த் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே பலகையில் செருகினால் பெரும்பாலும் அது தீர்ந்துவிடும். எர்த் வயர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.