காட்டுத்தீப் புகையும் கணக்கில் வராத மரணங்களும்

காட்டுத்தீயினால் உயிரிழப்போர் என்றவுடன் தீயில் அகப்பட்டோரையே நாம் எண்ணுகின்றோம். ஆனால் தீயைவிடப் புகையே அதிக உயிர்களைக் காவுகொள்கின்றது என்பதற்கு இந்தோனேஷியா தக்க உதாரணமாகும்.

2015ஆம் ஆண்டு சுமாத்ராவிலும் கலிமந்தானிலும் மூண்ட தீயின் புகை மலேசியாவையும் சிங்கப்பூரையும் வாரக்கணக்கில் மூடியிருந்தது. இந்தோனேஷியாவில் உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்பட்ட மரணங்கள் 19 மாத்திரமே. மறு ஆண்டு ஹாவார்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோ மூன்று நாடுகளிலும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட அகால மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என மதிப்பிட்டனர். அது கணினி வழிக் கணிப்பே என அதிகாரிகள் மறுத்தனர்.

கணிப்புத்தான். ஆயினும் இத்தகைய மரணங்களை வேறு வழியில் எண்ணுவது கடினம். புகையிலுள்ள 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்கள் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அளவுடையவை. அவை நுரையீரலின் அடியாழம் வரை சென்று அழற்சியை ஏற்படுத்துகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஆஸ்துமா நோயாளருக்கு மூச்சுத்திணறல் உடனே தெரியும். இருதய நோயாளர் சில நாட்கள் கழித்து மாரடைப்பினாலோ பாரிசவாதத்தினாலோ இறக்கக்கூடும். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் மாரடைப்பு என்றே எழுதப்படும், புகை இடம்பெறாது.

இங்கு எரிவது மரங்கள் மாத்திரமல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாக உக்காது படிந்த தாவர எச்சங்களாலான 'பீட்' சதுப்பு நிலமும் எரிகின்றது. செம்பனை மற்றும் கடதாசிக்கூழ் மரத் தோட்டங்களுக்காகக் கால்வாய் வெட்டி நீர் வடிக்கப்பட்டதால் உலர்ந்த நிலம் அது. (இதனைக் காட்டுத்தீ என்பதே பாதி உண்மைதான்.) நிலத்தடியில் சுவாலையின்றிக் கனல்வதால் எரிதல் முழுமையடைவதில்லை, நுண்துகள்களும் காபனோரொட்சைட்டும் பெருமளவில் வெளியேறுகின்றன. பெருமழையன்றி அதனை அணைப்பதும் அரிது.

1997இன் தீயைப் பற்றிய ஆய்வு வேறு வழியைக் கையாண்டது. பொருளியலாளர் சீமா ஜெயச்சந்திரன் 2000ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை ஆராய்ந்து, புகை சூழ்ந்த பகுதிகளில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகளைத் தேடினார். கருவில் இறந்தவை உட்பட 15,600க்கு மேற்பட்ட பிள்ளைகளை அங்கு காணவில்லை.

சாதாரண துணி முகக்கவசம் இத்துகள்களைப் போதியளவு தடுப்பதில்லை. இறுகப் பொருந்தும் என்95 வகை பயன்தரும். ஆனால் கைக்குழந்தைக்கு அது பொருந்தாது.

எல்லை கடந்த புகைமாசு தொடர்பான ஆசியான் உடன்படிக்கை 2002இல் கைச்சாத்தானது. இந்தோனேஷியா அதனை ஏற்று உறுதிப்படுத்தியது 2014இலேயே. அதன் பின்னர்தான் 2015இன் தீ மூண்டது. 2019இலும் பெருந்தீ மூண்டது.