உட்கட்சித் தேர்தலில் பின்தங்கியவரின் ஆதரவாளர்கள் இனி என்ன செய்வது?

2016 ஜூன் மாதம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வாழும் என் அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, சான்டர்ஸ் தோத்திட்டார். நவம்பரில நான் வோட்டுப் போடப் போறதில்லை" என்றான். அன்று அவனுக்குச் சொன்னவற்றையும், பின்னர் நடந்தவற்றிலிருந்து நான் அறிந்தவற்றையும் இங்கு தொகுத்துத் தருகிறேன். புலம்பெயர்ந்த எமது பிள்ளைகள் பலரும் இன்று அங்கு வாக்காளர்கள்.

எமது நாட்டில் ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சித் தலைமையே தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் அதற்காகவே மாநிலம் மாநிலமாக உட்கட்சித் தேர்தல் நடக்கிறது. ஜனநாயகக் கட்சியில், குறைந்தது 15 வீத வாக்குகளைப் பெறும் ஒருவருக்கு அவ்வாக்குகளின் அளவுக்கேற்பப் பேராளர்கள் கிடைப்பர். 2016 இல் வேட்பாளராவதற்கு 2,383 பேராளர்கள் தேவைப்பட்டனர். பின்தங்கிய பேர்னி சான்டர்ஸிடமும் 1,800 க்கு மேற்பட்டோர் இருந்தனர். ஆகவே தோற்றவர் வெறுங்கையோடு போவதில்லை. அந்தப் பலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

முதலாவது, கணக்குப் பார்ப்பது. மக்கள் வாக்குக்குக் கட்டுப்படாத கட்சிப் பிரமுகர்கள் 700 க்கு மேற்பட்டோர் அன்று பேராளர்களாக இருந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் ஹிலாரி கிளின்டனின் பக்கம் நின்றது ஆதரவாளர்களுக்குக் கசந்தது. அக்கசப்பு நியாயமானது. ஆனால் அவர்களை நீக்கிவிட்டு எண்ணினாலும் கிளின்டனே முன்னிலையில் இருந்தார்.

இரண்டாவது, கடைசி மாநிலம் வரை வாக்களிப்பது. வெல்ல முடியாதெனத் தெரிந்த பின்னரும், கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு பேராளரும் பேரம் பேசும் பலம்.

மூன்றாவது, பேரம் பேசுவது. கட்சியின் கொள்கை அறிக்கையை வரைந்த 15 பேர் கொண்ட குழுவில் சான்டர்ஸ் 5 பேரை நியமித்தார். மணித்தியாலத்துக்கு 15 டொலர் என்ற ஆகக்குறைந்த சம்பளக் கோரிக்கை அறிக்கையில் இடம்பெற்றது. அதன் பின்னரே, ஜூலை 12 ஆம் திகதி, அவர் கிளின்டனுக்கு ஆதரவு தெரிவித்தார்.

நான்காவது, விதிகளை மாற்றுவது. அந்தப் பிரமுகர்கள் மாநாட்டின் முதற்சுற்றில் முடிவைத் தீர்மானிக்க முடியாதபடி 2018 ஓகஸ்டில் கட்சி தன் விதியைத் திருத்தியது. தோற்றவர்களின் விடாப்பிடியே அதற்குக் காரணம்.

ஐந்தாவது, அடுத்த தேர்தலுக்கு ஆட்களை வளர்ப்பது. சான்டர்ஸுக்காக வேலை செய்த அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ், 2018 ஜூனில் நியூயோர்க்கில் கட்சியின் செல்வாக்குமிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரை உட்கட்சித் தேர்தலிலேயே தோற்கடித்தார்.

எஞ்சுவது நவம்பர். 2016 இல் மிச்சிகன், விஸ்கொன்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 80,000 க்கும் குறைந்த வாக்குகளே டொனால்ட் ட்ரம்பை ஜனாதிபதியாக்கின. சான்டர்ஸ் ஆதரவாளர்களை மட்டும் குறைசொல்வது நீதியன்று. அவர்களில் பெரும்பாலானோர் கிளின்டனுக்கே வாக்களித்தனர். ஆனால் 2018 ஜூனில் ட்ரம்ப் நிர்வாகம் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையிலிருந்து வெளியேறியது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் நீதி கேட்டுச் செல்லும் ஜெனீவா மன்றம் அது.

வாக்களிக்காமல் விடுவதும் ஒரு முடிவை உருவாக்கும் என்பதை நாம் புத்தகத்தில் படிக்கவில்லை. 2005 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கின் வாக்குச்சாவடிகள் வெறிச்சோடின. நாடளாவிய முடிவோ 2 இலட்சத்துக்கும் குறைந்த வாக்குகளால் தீர்மானமாயிற்று. பின்னர் நடந்தவற்றை நாம் அனுபவித்தோம்.

மருமகன் அன்று என் சொல்லைக் கேட்கவில்லை. அந்த நவம்பரில் வீட்டிலேயே இருந்தான். 2020 ஏப்ரலில் சான்டர்ஸ் மீண்டும் போட்டியிலிருந்து விலகியபோது நான் எதுவும் சொல்லவில்லை. நவம்பரில் அவனாகவே வாக்குச்சாவடிக்குப் போய்விட்டு வந்து எனக்கு அழைத்தான். "மனமில்லாமத்தான் போட்டனான் மாமா" என்றான். மனமில்லாமல் போட்டாலும் அது எண்ணப்படும் என்றேன்.