வில்லிபுத்தூர் நந்தவனமும் பூங்கா வகுக்கும் மரபும்

தமிழர்க்குக் கட்டடக்கலை உண்டு, சிற்பம் உண்டு, கூத்தும் உண்டு. பூங்கா வகுக்கும் கலை மட்டும் இல்லை என்பார் உளர். பாரசீகர்க்கும் சப்பானியர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் உள்ளது போன்ற தரையமைப்பு வரைவு நம் நாட்டில் எஞ்சவில்லை என்பதே அவர் காட்டும் சான்று. இக்கூற்றின் வன்மை மென்மைகளை ஆராய்தற்கு வில்லிபுத்தூரினும் தக்க களம் பிறிதில்லை. அடியவர் ஒருவரின் மலர்த் தோட்டத்தையே தன் பெருமைக்கு முதலாகக் கொண்ட ஊர் அது.

முதற்கண் பிறநாட்டு மரபுகளைச் சுருங்க நோக்குவோம். கி.மு. ஆறாம் நூற்றாண்டிற் சைரசு மன்னன் பசார்கடே நகரில் அமைத்த தோட்டத்தின் கல் வாய்க்கால்கள் இன்றும் காணக் கிடக்கின்றன. நீரோடைகளால் நிலத்தை நான்காகப் பகுக்கும் பாரசீக முறை முகலாயரால் இந்நாட்டிற்கு வந்து, 1619-இல் சகாங்கீர் தொடங்கிய காசுமீரத்துச் சாலிமார்த் தோட்டத்திற் பெருஞ்சிறப்பு எய்தியது. வெர்சேல்சில் 1661 முதல் லெ நோத்ரு வகுத்தது நேர்கோட்டின் ஆட்சி. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் அக்கோட்டை அழித்து, புல்வெளியும் ஏரியும் இயற்கையே போலத் தோன்றச் செய்தனர். கியோத்தோவின் ரியோவாஞ்சிப் பள்ளியிலோ பூவே இல்லை. வெண்பரலும் பதினைந்து கற்களுமே தோட்டமாகின்றன. தம்முள் இத்துணை மாறுபட்ட இவையனைத்தும் ஒன்றில் ஒத்துள்ளன. காண்பான் ஒருவனின் கண்ணை நடுவாகக் கொண்டே இவை வகுக்கப்பட்டன. கண்ணுக்கு அமைந்த தோட்டத்தையே தோட்டக்கலையின் இலக்கணமாகக் கொண்டால், தமிழ்நாட்டிற் சான்று குறைவே. அவ்விலக்கணமே முடிந்த முடிபு என எவர் வகுத்தார்?

தமிழில் கா, பொழில், சோலை, தண்டலை, தோப்பு, தோட்டம் எனச் சொற்கள் பல வழங்குகின்றன. அவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. இராசபாளையத்தின் மேற்கே மலையடிவாரத்து மாமரங்கள் நிற்கும் நிலத்தை அவ்வூரார் தோப்பு என்பரேயன்றி நந்தவனம் எனச் சொல்லார். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையிற் புகார் நகரத்துச் சோலைகள் ஐந்து வேறுபிரித்து உரைக்கப்படுகின்றன. இலவந்திகை அரசனுக்குரியது, உய்யானம் பூதம் காப்பது, சம்பாதிவனமும் கவேரவனமும் பழங்கதைகளை நினைவிற்கொண்டு நிற்பன, உவவனம் புத்தன் பாதபீடிகைக்கு உறைவிடம். சோலைதோறும் ஒரு கருத்து வைத்து வகுக்கும் நெறி தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இஃதொன்றே போதும்.

இனி, வில்லிபுத்தூருக்கு வருவோம். பெரியாழ்வாரின் பூச்சூட்டற் பதிகம் தாய் தன் மகவைப் பூச்சூட அழைக்கும் பாங்கில் அமைந்தது. பிள்ளைத்தமிழின் முன்னோடி என்ற அளவில் அதனை ஆராய்ந்தோர் பலர். நந்தவனத்துக்கு அது தரும் சான்றை நோக்கினோர் சிலரே. செண்பகம், பாதிரி, புன்னை, மல்லிகை, கருமுகை, குருக்கத்தி, இருவாட்சி, செங்கழுநீர், தமனகம், மரு என அதில் வரும் பெயர்களை நிரல்பட வைத்துப் பார்க்க. செண்பகமும் பாதிரியும் புன்னையும் கோட்டுப்பூ, மல்லிகையும் குருக்கத்தியும் கொடிப்பூ, செங்கழுநீர் நீர்ப்பூ, தமனகமும் மருவும் நிலத்துச் செடிகள். பூவை நான்காகப் பகுக்கும் தமிழ் மரபு முழுவதும் இங்கே நிரம்புகின்றது. திருப்புகலூர் முருக நாயனார் பூப்பறித்த திறத்தைக் கூறுமிடத்துச் சேக்கிழாரும் இப்பகுப்பையே கொள்கின்றார். மேலும், புன்னை நெய்தலுக்கு உரியது. பாதிரி பாலைக்கு உரியது. செண்பகம் மலைச்சார்பின் மரம். வில்லிபுத்தூரின் மேற்கே மலையடியில் உள்ள இடம் இன்றும் செண்பகத்தோப்பு என்றே பெயர் பெற்றுள்ளது. தாமே ஓரிடத்து முளைக்க இயலாத இவை ஒரு கையால் தொடுக்கப்படும் மாலையில் ஒருங்கு கூடுமாயின், வைத்து வளர்த்த வகுப்பு ஒன்று பின்னணியில் இருத்தல் வேண்டும். பதிகம் தோட்டப் பதிவேடு ஆகாது என்பார் தடை நிகழ்த்தலாம். அத்தடை தக்கதே. ஆயின், நாளும் பூக்கொய்து மாலை கட்டிய ஒருவரின் வாக்கில் வரும் பூப்பெயரையும், ஏட்டிற் கற்ற புலவன் அடுக்கும் பூப்பெயரையும் ஒரே தட்டில் நிறுத்தல் முறையன்று.

மகளின் வாக்கு தந்தையின் வாக்கிற்குத் துணையாகின்றது. நாச்சியார் திருமொழியிற் குயிலை விளிக்கும் பதிகம் புன்னையும் குருக்கத்தியும் ஞாழலும் செருந்தியும் கூடிய பொழிலைக் கூறுகின்றது. முன்னிரண்டும் தந்தையின் பூக்களே. திருப்பாவையில் வரும் புழைக்கடைத் தோட்டத்து வாவியோ இன்னும் நுண்ணியது. அங்கே செங்கழுநீர் மலர, ஆம்பல் கூம்புகின்றது. ஒரே நீர்நிலையில் பகற்பூவும் இராப்பூவும் அடுத்தடுத்து நிற்பதால், அவ்வாவி பொழுதைக் காட்டும் கருவியாகின்றது. எப்பூ எப்பொழுதில் அலரும், எதனை எந்நேரம் கொய்தல் வேண்டும் என்னும் அறிவே நந்தவனத்தின் வரைபடம். பாரசீகன் நீரால் நிலத்தைப் பகுத்தான். நந்தவனத்தான் பொழுதால் பகுத்தான். அதனாலேயே தரையில் கோடு எஞ்சவில்லை.

கண்ணுக்கு மட்டுமன்றி மூக்கிற்கும் இத்தோட்டம் உரியதன்று என்பது கருதற்பாலது. இறைவனுக்குரிய பூவை முகர்தலும் குற்றம். அந்த விதியின் எல்லையிலேதான் ஆண்டாள் வரலாறு நிகழ்கின்றது. தந்தை கட்டிய மாலையைத் தான் சூடி அழகு பார்த்தாள். தந்தை அதனை ஒதுக்கினார். அம்மாலையே வேண்டும் என்று இறைவன் கனவில் உரைத்தான் என்பது குருபரம்பரைச் செய்தி. நுகர்வோர்க்கு இடமில்லாத தோட்டத்துள் நுகர்ந்தவள் ஒருத்தி புகுந்து, அக்குற்றமே மாலையின் மதிப்பாயிற்று. வேறெந்த நாட்டுத் தோட்ட மரபிலும் இத்தகைய முரணை யாம் கண்டிலேம்.

பதினாறாம் நூற்றாண்டிற் கிருட்டிணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமாலியதம் தன் பெயரிலேயே இம்முரணைத் தாங்கியுள்ளது. சூடிக் கொடுத்தவள் என்பதே அதன் பொருள். விசயநகர மரபோடு தொடர்புடைய தெலுங்கு மக்கள் வாழும் இராசபாளையம் வில்லிபுத்தூருக்குச் சில கல் தொலைவிலேயே இருத்தலால், இருமொழியிலும் வழங்கும் இக்கதையை ஒப்பிட்டு ஆராய்வார்க்கு இப்பகுதி நற்களமாகும். முதுகலை மாணவர் எவரேனும் இதனை மேற்கொள்ளல் நன்று.

உதகையிற் பூங்கா 1848-இல் தோன்றியது. சென்னையிற் செம்மொழிப் பூங்கா 2010-இல் திறக்கப்பட்டது. ஆரோவிலில் மாத்திரி மந்திரைச் சூழப் பன்னிரு கருத்துகளுக்குப் பன்னிரு தோட்டங்கள் வகுக்கப்பட்டன. நால்வகைப் பூவையும் அலரும் பொழுதையும் அடிப்படையாக்கிய பொதுப்பூங்கா ஒன்றையேனும் நாம் அமைக்க எண்ணாதது வியப்பே. பூவைச் சந்தையில் வாங்கி மாலை கட்டும் கோயில்கள் பெருகிவிட்ட இக்காலத்தே, வடபத்திரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் இடையே நந்தவனம் நிற்கின்றது. ஆண்டாள் தோன்றியதாகக் கூறும் துளசி மாடமும் அங்கேயே உள்ளது. அவள் இடக்கையில் அமரும் கிளி நாள்தோறும் புதிதாக இலையாற் செய்யப்படுகின்றது. அதன் அலகு மாதுளம்பூ.