உலோக நானோ துகள்களில் மேற்பரப்புக் குவாண்டம் விளைவு

உலோக நானோ துகள் ஒளிக்குக் காட்டும் எதிர்வினையை, அதன் விளிம்பிலுள்ள எலக்ட்ரான்களின் குவாண்டம் இயல்பு மாற்றுவதே இவ்விளைவு. பொன் கூழ்மத்தின் சிவப்பு நிறத்தை 1857-இல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தார். 1908-இல் குஸ்தாவ் மீ கோளத் துகள்களுக்குக் கணக்கு வகுத்தார். அக்கணக்கில் உலோகம் விளிம்பில் சட்டென்று முடிந்துவிடும். வலங்கைமான் பக்கம் நடவு வயலைப் பார்த்தவர் இதை ஏற்கமாட்டார்: வரப்பை எவ்வளவு கெட்டியாக அணைத்தாலும் நீர் அடுத்த வயலுக்குக் கசியும். எலக்ட்ரான்களும் விளிம்பைத் தாண்டி, ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தொலைவுக்குப் பரவுகின்றன.

பெரிய துகளில் இது பொருட்டல்ல. சில நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால், எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிரும் ஒத்ததிர்வே இடம் மாறும்: சோடியத்தில் சிவப்புப் பக்கமாக, வெள்ளியில் நீலப் பக்கமாக. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளித் துகளின் விட்டம் 20 நானோமீட்டரிலிருந்து 2 நானோமீட்டருக்கும் கீழே இறங்கியபோது ஒத்ததிர்வு ஆற்றல் 3.3-இலிருந்து 3.8 எலக்ட்ரான்வோல்ட்டாக உயர்ந்தது.

பீட்டர் ஃபைபல்மன் வகுத்த இரு ‘டி’ அளவுருக்கள் இவ்விளைவை இரண்டே நீளங்களில் அடக்குகின்றன. மேக்ஸ்வெல் சமன்பாடுகளின் எல்லை நிபந்தனைகளில் அவற்றைச் சேர்த்தால் போதும். அணு அணுவாகக் கணக்கிட்டு மாளாது. ஆனால் இரு துகள்கள் ஏறத்தாழ ஒட்டிக்கொள்ளும் நெருக்கத்தில், எலக்ட்ரான்கள் இடைவெளியை ஊடுருவிப் பாய்வதால், இம்முறை செல்லாது.