அழற்சிச் சைட்டோகைன் உற்பத்தியும் செல் சமிக்ஞையும்

சைட்டோகைன்கள் என்பவை நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் சிறு புரதங்கள். இவற்றுள் கட்டி நசிவுக் காரணி (டி.என்.எஃப்.), இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6 ஆகியவை அழற்சியைத் தூண்டுபவை. தொற்றின்போது வரும் காய்ச்சல், வீக்கம், பசியின்மை ஆகியவற்றில் இவற்றின் பங்கு பெரிது. உற்பத்தி குறைந்தால் கிருமி பெருகும். மிகுந்தால் உடலின் சொந்தத் திசுவே அழியும். எந்தச் சைட்டோகைன் எவ்வளவு, எத்தனை நேரம் சுரக்க வேண்டும் என்பதைச் செல்லுக்குள் இயங்கும் சமிக்ஞைத் தொடர்கள் தீர்மானிக்கின்றன. இந்தியச் சூழலில் இதைத் தெளிவாகக் காட்டும் நோய் காசநோய்.

கிருமியை அறியும் ஏற்பிகள்

மேக்ரோபேஜ், டென்ட்ரைட்டிக் செல் ஆகிய நோய் எதிர்ப்புச் செல்களில் டோல் வகை ஏற்பிகள் உள்ளன. கிருமிகளில் மட்டும் காணப்படும் மூலக்கூறுகளை இவை இனங்காணும். பழ ஈயின் டோல் மரபணு பூஞ்சைத் தொற்றைத் தடுப்பதை ஜூல் ஹாஃப்மன் குழு 1996இல் காட்டியது. கிராம் எதிர் பாக்டீரியாக்களின் உறைநச்சை உணர்வது டி.எல்.ஆர்.-4 என்பதை புரூஸ் பாய்ட்லர் குழு 1998இல் நிறுவியது. இருவரும் ரால்ஃப் ஸ்டைன்மனுடன் 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். காசநோய்க் கிருமியின் லிப்போபுரதங்களை முதன்மையாக டி.எல்.ஆர்.-2 உணர்கிறது.

உட்கருவரை செல்லும் சமிக்ஞை

ஏற்பி தூண்டப்பட்டதும் அதன் உட்பகுதியில் மைடி88 என்ற இணைப்புப் புரதம் வந்து பொருந்துகிறது. டி.எல்.ஆர்.-3 தவிர்த்த டோல் வகை ஏற்பிகள் எல்லாம் இப்புரதத்தைப் பயன்படுத்துகின்றன. அடுத்து ஐராக் கைனேஸ்கள், டிராஃப்-6, டாக்-1 ஆகியவை வரிசையாகச் செயல்படுகின்றன. டாக்-1இலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது.

முதல் பாதை என்.எஃப். கப்பா-பி என்ற படியெடுத்தல் காரணியைச் சேர்கிறது. இதனை ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் 1986இல் பி லிம்போசைட்டுகளில் கண்டறிந்தனர். அமைதி நிலையில் ஐ கப்பா-பி என்ற தடைப்புரதம் இதைச் சைட்டோபிளாசத்தில் பிடித்து வைத்திருக்கும். ஐ.கே.கே. என்ற கைனேஸ் தடைப்புரதத்தைப் பாஸ்பரிலேற்றம் செய்கிறது. அதன் மேல் யுபிக்யுட்டின் ஒட்டப்படுகிறது. புரோட்டியசோம் அதைச் சிதைக்கிறது. விடுபட்ட என்.எஃப். கப்பா-பி உட்கருவுக்குள் நுழைந்து டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 முதலியவற்றின் மரபணுக்களைப் படியெடுக்கச் செய்கிறது. இரண்டாவது பாதையில் பி38, ஜே.என்.கே. போன்ற கைனேஸ்கள் ஏ.பி.-1 என்ற மற்றொரு படியெடுத்தல் காரணியைத் தூண்டுகின்றன.

படியெடுத்தலுக்குப் பின்

தூது ஆர்.என்.ஏ. உருவாவதோடு கட்டுப்பாடு முடிவதில்லை. டி.என்.எஃப். தூது ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் அடினினும் யுராசிலும் நிறைந்த தொடர்கள் உள்ளன. டிரிஸ்டெட்ராபுரோலின் என்ற புரதம் அங்கே ஒட்டி அதை விரைவில் சிதையச் செய்கிறது. பி38 கைனேஸ் செயல்படும்போது இப்புரதம் முடக்கப்படுவதால் செய்தி நீண்ட நேரம் நிலைத்து, புரத உற்பத்தி கூடுகிறது.

டி.என்.எஃப். முதலில் செல் சவ்விலேயே பதிந்திருக்கும். ஆடம்-17 நொதி வெட்டிய பின்னரே கரைந்து பரவும். ஏற்பியிலிருந்து வரும் சமிக்ஞையால் இன்டர்லூக்கின்-1 பீட்டா செயலற்ற முன்வடிவாக மட்டுமே உருவாகிறது. செல் சேதத்தையோ கிருமியின் நச்சையோ என்.எல்.ஆர்.பி.-3 இன்ஃப்ளமசோம் உணர்ந்து கேஸ்பேஸ்-1 நொதியை முடுக்கினால்தான் அது வெட்டப்பட்டுச் செயல் வடிவம் பெறும். இவ்வாறு இரண்டு தனித்தனிச் சமிக்ஞைகள் தேவைப்படுவதால் தவறுதலான சுரப்பு குறைகிறது.

அணைக்கும் அமைப்புகள்

தூண்டும் காரணியே தன்னைத் தடுப்பதையும் உண்டாக்குகிறது. என்.எஃப். கப்பா-பி படியெடுக்கச் செய்யும் மரபணுக்களில் ஐ கப்பா-பி ஆல்ஃபாவும் ஒன்று. புதிதாக உருவாகும் தடைப்புரதம் அதை மீண்டும் சைட்டோபிளாசத்துக்கு இழுத்துச் செல்கிறது. அதே வழியில் தோன்றும் ஏ20 புரதம் யுபிக்யுட்டின் சங்கிலிகளைக் கட்டுப்படுத்திச் சமிக்ஞையை அணைக்கிறது. சோக்ஸ் புரதங்கள், சைட்டோகைனின் செய்தியை அதைப் பெறும் செல்லின் உட்கருவுக்குக் கடத்தும் ஜாக்-ஸ்டாட் பாதையைத் தடுக்கின்றன. இன்டர்லூக்கின்-10, ஸ்டாட்-3 வழியாக மேக்ரோபேஜின் அழற்சிச் சுரப்பைக் குறைக்கிறது.

காசநோயில் அளவின் முக்கியத்துவம்

நுரையீரலில் மேக்ரோபேஜ்கள் திரண்டு கிருமியைச் சூழ்ந்து கிரானுலோமாவை உருவாக்குகின்றன. டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, ஸ்டாட்-1 வழியாக மேக்ரோபேஜின் கொல்லும் திறனைக் கூட்டுகிறது, டி.என்.எஃப். அதற்குத் துணை நிற்கிறது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வதோதராவில் மருத்துவம் பயின்ற லலிதா ராமகிருஷ்ணனின் குழு, வரிக்குதிரை மீன்களில் இந்நிகழ்வை ஆராய்ந்தது. டி.என்.எஃப். குறைந்தால் மேக்ரோபேஜுக்குள் கிருமி பெருகி, அச்செல் வெடிக்கிறது. மிகுந்தால் மைட்டோகாண்டிரியாவில் வினைத்திறன்மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி மேக்ரோபேஜ் நசிந்து இறக்கிறது. இரு நிலைகளிலும் கிருமி வெளியேறிச் செல்லுக்கு வெளியே தடையின்றி வளர்கிறது.

தமிழ்நாட்டு ஆய்வுகள்

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு ஈடானது என்று 1959இல் நிறுவியது இம்மையமே. பிற்காலத்தில் இங்கு நோயாளிகளின் சைட்டோகைன்கள் அளவிடப்பட்டன. காசநோயுடன் நீரிழிவும் உள்ளவர்களின் இரத்தத்தில் அழற்சிச் சைட்டோகைன்கள் கூடுதலாக இருந்தன. மாறாக, மறைநிலைத் தொற்றுடன் ஊட்டக்குறைவும் உள்ளவர்களிடம் இன்டர்ஃபெரான் காமா, டி.என்.எஃப். போன்றவை குன்றியிருந்தன. உடலின் சத்துநிலையும் பிற நோய்களும் சைட்டோகைன் அளவோடு தொடர்புடையவை என்பதை இவை காட்டுகின்றன. ஆகவே காசநோயாளிகளைச் சிகிச்சைக்குச் சேர்க்கும்போது எடையும் சர்க்கரையும் பார்க்கப்படுவது மருத்துவத் தேவை. 2022இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், மிகக் கடுமையான ஊட்டக்குறைவு, மூச்சுத்திணறல், தாங்கலின்றி நிற்க இயலாமை ஆகியவற்றால் ஆபத்திலுள்ளவர்களைத் தொடக்கத்திலேயே பிரித்தறிகிறது.

மருந்துகள்

சமிக்ஞைத் தொடரின் ஒவ்வொரு படியும் மருந்துக்கு இலக்காகலாம். டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டுகள் என்.எஃப். கப்பா-பியின் செயலைத் தடுக்கின்றன. காசநோய் மூளைச்சவ்வழற்சியிலும் கடுமையான கோவிட்-19 நோயிலும் பயன்படுகின்றன. டோசிலிசுமாப் இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியை மறிக்கிறது; டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப் ஜாக் கைனேஸ்களைத் தடுக்கின்றன. இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஆகியவை டி.என்.எஃப்.ஐ நேரடியாகப் பிடிப்பதால் முடக்குவாதத்தில் பெரும் பலன் தருகின்றன. ஆனால் டி.என்.எஃப். தடுக்கப்பட்டால் கிரானுலோமாவின் காவல் தளர்ந்து, உறங்கிய காசநோய் மீண்டும் எழலாம். 2001இல் இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களிடம் இது விரிவாகப் பதிவானது. ஆகவே இவ்வகை மருந்தைத் தொடங்குமுன் தோல் சோதனை அல்லது இன்டர்ஃபெரான் காமா வெளியீட்டு இரத்தச் சோதனையாலும் மார்பு எக்ஸ்ரேயாலும் மறைநிலைத் தொற்று உள்ளதா என்று பார்த்து, இருந்தால் தடுப்புச் சிகிச்சை அளிப்பது வழக்கம்.