மூன்று வரி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து மாமா பையன் போன் செய்தான். பூவாரில் எங்கள் அம்மூம்மா காலமாகி நாற்பத்தொன்றாம் நாள் வருகிறது, நினைவு அட்டை அடிக்க வேண்டும். (எங்கள் பக்கம் பாட்டியை அம்மூம்மா என்றுதான் கூப்பிடுவோம். நெய்யாற்றின்கரை தாலுகாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்கும் உறவுமுறை பாதி மலையாளம்தான்.) "அண்ணே, நீங்கதானே எழுதுறவரு. மூணு வரி போதும்" என்றான்.

மஸ்கட்டிலிருந்து நான் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில் உடனே எழுதி அனுப்பிவிட்டேன். 'அன்பு மனைவி, அருமைத் தாய், பாசமிகு பாட்டி.' எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் பிறகு உறுத்தியது. 88 வருஷத்துக்கு இரண்டு நிமிடம்!

அப்போது நினைவுக்கு வந்தவர் பி. கல்யாணியம்மா. தமிழ் நண்பர்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. இவர் கணவர் பெயரைச் சொன்னால் கேரளத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்: 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை. எங்கள் நெய்யாற்றின்கரைக்காரர், 1878-ல் அதியன்னூரில் பிறந்தவர். வக்கம் மௌலவி நடத்திய 'சுதேசாபிமானி' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து, திவான் பி. ராஜகோபாலாச்சாரியை வாரம் தவறாமல் வெளுத்து வாங்கினார். 1910 செப்டம்பர் 26 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவின் உத்தரவில் அச்சகத்துக்கு சீல் வைத்தார்கள். பிள்ளையைக் கைது செய்து, ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே அந்தச் சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத்தான் போகிறது. சொந்த ஊர் வழியாகவே நாடு கடத்தல்.

இங்கே ஒரு சின்ன விஷயம். அன்றைக்கு ராஜ்ஜியத்தின் எல்லையாக இருந்த ஆரல்வாய்மொழி இன்று தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லை எங்களைத் தேடிக்கொண்டு பாறசாலைக்குப் பக்கத்தில் களியக்காவிளைக்கே வந்துவிட்டது. அம்மூம்மாவின் பிறந்த வீடு விளவங்கோடு பக்கம். ஒரே ராத்திரியில் அவளுக்குத் தாய்வீடு வேறு மாநிலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகாராஜாவின் உத்தரவில் கல்யாணியம்மா பெயர் கிடையாது. அவரை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனாலும் கணவரோடு மெட்ராஸ், பாலக்காடு, கடைசியில் கண்ணூர் என்று அலைந்தார். கண்ணூர் அப்போது பிரிட்டிஷ் மலபார், திருவிதாங்கூரின் கை எட்டாத இடம். கணவர் அந்த வருஷங்களில் நாடு கடத்தப்பட்ட கதையை எழுதினார், பத்திரிகைத் தொழில் பற்றி ஒரு நூல் எழுதினார், 1912-லேயே கார்ல் மார்க்ஸின் வரலாற்றை மலையாளத்தில் எழுதினார். எல்லாம் பெரிய காரியங்கள்தான். ஆனால் நான் வங்கிக்காரன், எனக்கு முதலில் தோன்றும் கேள்வி வேறு: அரிசிக்குக் காசு எங்கிருந்து வந்தது? கண்ணூரில் கல்யாணியம்மா பள்ளி ஆசிரியை. காசநோய் முற்றி 1916 மார்ச் 28-ல் பிள்ளை இறந்தபோது அவருக்கு வயது 37. கல்யாணியம்மாவுக்கு 32.

அதே வருஷம் அவர் ஒரு புத்தகம் கொண்டுவந்தார், 'வியாழவட்ட ஸ்மரணகள்'. வியாழன் ஒரு சுற்று வர 12 வருஷம். அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததும் அவ்வளவுதான், அந்த 12 வருஷத்தின் நினைவுகள்தான் புத்தகம். பதிவிரதையின் கண்ணீர் என்று சொல்லி அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவது சுலபம். எனக்கு அது கணக்கு ஒப்படைத்த மாதிரித் தெரிகிறது. பிள்ளை எப்படி வாழ்ந்தார் என்று நாடு தெரிந்துகொண்டதில் பெரிய பங்கு இந்தப் புத்தகத்துக்கு உண்டு.

கணவருக்காகத்தான் பேனா பிடித்தார் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1904-ல் பெண்களே ஆசிரியர்களாக இருந்து தொடங்கிய 'சாரதா' மாத இதழின் மூவரில் இவரும் ஒருவர். தாகூரின் 'வீடும் உலகமும்' நாவலை மலையாளத்துக்குக் கொண்டுவந்ததும் இவர்தான். பிறகு மங்களூரிலும் ஆசிரியை வேலை. மகள் கோமதியம்மாவை வளர்த்து ஆளாக்கினார், அவரும் எழுத்தாளரானார். காங்கிரஸ் வரலாறு எழுதிய பாரிஸ்டர் ஏ.கே. பிள்ளை மருமகனாக வந்தார். 1959-ல் கல்யாணியம்மா காலமானார். கணவரோடு 12 வருஷம், கணவருக்குப் பிறகு 43 வருஷம். இந்த 43-ஐப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. திருவனந்தபுரம் பாளையத்தில் பிள்ளைக்குச் சிலை இருக்கிறது. கல்லூரி நாட்களில் எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரிந்ததே முப்பது வயதுக்கு மேல்தான்.

அம்மூம்மா புத்தகம் எழுதவில்லை. ஆனால் அப்பூப்பன் படுக்கையில் விழுந்த பிறகு கயிறு திரித்து, அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சீட்டுப் பிடித்து, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். சீட்டுக் கணக்குக்கு ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தாள். பெயர்கள் தமிழில், கிழமைகள் மலையாளத்தில். யாராவது பணம் கட்டத் தவறினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, காரணம் சொன்னால் அதைச் சுற்றி ஒரு வட்டம். பி.காம். படிக்கும்போது அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இன்று வாராக்கடன் கோப்புகளைப் பார்க்கும்போது அந்த வட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. காரணம் சொன்னவர், சொல்லாதவர் என்று பிரித்து வைக்க எங்கள் லெட்ஜரில் இடமில்லை.

நேற்று மாமா பையனுக்குப் போன் போட்டு, அட்டையில் இன்னும் நாலு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"அச்சாகி வந்தாச்சே அண்ணே" என்றான்.

அந்த நோட்டாவது இருக்கிறதா என்று கேட்டேன். அத்தையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.