கல்முனைக் கரையில் சமயக் கல்வி

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் நெடுந்தெருவில் பயணம் செய்வோர் ஒரு விந்தையைக் காண்பர். கைத்தறி நெசவுக்குப் பெயர்போன மருதமுனை முஸ்லிம்களின் ஊர். அதனை அடுத்துள்ள பாண்டிருப்பு, திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பால் புகழ்பெற்ற சைவர் ஊர். அப்பால் கல்முனை, அதன் பின், கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேற்றும் கல்முனைக்குடி, பிறகு சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். ஊருக்கு ஊர் சமயம் மாறுகின்றது, மொழியோ மாறுவதில்லை. 'பள்ளி' என்ற ஒரே சொல் இங்கு தொழுகைக்குரிய இடத்தைக் குறிக்கும். அதனோடு 'கூடம்' சேர்ந்தால் எழுத்துப் படிக்கும் இடமாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கடக்க முஸ்லிம் பெற்றோர் ஏன் தயங்கினர் என்பதே இக்கரையின் கல்வி வரலாற்றில் முதன்மையான வினா.

அக்காலத்தில் முஸ்லிம் பிள்ளையின் முதற்கல்வி லெப்பையிடமே தொடங்கிற்று. அரபெழுத்தை அறிந்து குர்ஆனை ஓதி முடிப்பதே அதன் இலக்கு. அரபெழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழும் வழக்கிலிருந்தமையால், மார்க்க நூல்களைத் தாய்மொழியிலேயே அறியவும் வழியிருந்தது. இதனைக் கல்வியின்மை என்று எண்ணுதல் பிழை. ஆயினும், கச்சேரியில் உத்தியோகம் பெறவோ, நீதிமன்றத்தில் வழக்குரைக்கவோ இக்கல்வி உதவவில்லை. அதற்கு வேண்டிய ஆங்கிலம் மிசன் பாடசாலைகளில் இருந்தது.

இலங்கையில் 1869-ஆம் ஆண்டு பொதுக் கல்வித் திணைக்களம் நிறுவப்பட்டது. அதன்பின் உதவி நன்கொடை முறை வேரூன்றவே, மிசன் பாடசாலைகள் பெருகின. கல்முனையில் மெதடிஸ்த மிசனாரும், பின்னர் கத்தோலிக்கரும் கல்விப் பணி புரிந்தனர். கிழக்கு மாகாணத்துக்கென 1893-இல் திருகோணமலை மறைமாவட்டம் அமைந்தது. அது யேசு சபைக் குருமாரின் பொறுப்பில் விடப்பட்டது. கத்தோலிக்க ஆரம்ப பாடசாலையில் செபமும் ஞானோபதேசமும் எண்ணோடும் எழுத்தோடும் இணைந்தே சென்றன. அதனை நடத்தியோர்க்கு அது இயல்பே. பாடசாலையைக் கோவிலின் ஒரு பகுதியாகக் கருதியே அவர்கள் கட்டினர். அதற்காகவே பொருளையும் உழைப்பையும் ஈந்தனர்.

ஆனால் அந்த வாங்கில் அமர்ந்திருந்த சைவப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அது எவ்வாறிருந்தது? பெற்றோர் விரும்பாவிடின் பிள்ளை சமய பாடத்திலிருந்து விலகி நிற்கலாம் என்னும் மனச்சாட்சி விதி கல்விச் சட்டத்தில் இடம்பெற்றது. விதி நல்லதே. எனினும், அதனைப் பயன்படுத்துவதற்கு முதலில் அப்படியொரு விதி உண்டென்பதைத் தந்தை அறிந்திருக்க வேண்டும். பின்னர் சுவாமியாரின் முன் சென்று அதனைக் கேட்கும் துணிவும் வேண்டும். வயலிலும் கடலிலும் உழைத்தவருக்கு இவை எளிதில் வாய்ப்பனவல்ல. அவருக்குத் தெரிந்த எளிய வழி, பிள்ளையை அனுப்பாமலிருப்பதே. பெண் பிள்ளையைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை.

மறுபுறத்தையும் நோக்குதல் நேர்மை. காரைதீவில் 1892-இல் பிறந்த மயில்வாகனனார் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். பின்னர் 1917-இல் யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராகவும் பணியாற்றினார். அவரே துறவு பூண்டு விபுலானந்த அடிகளாகி, இராமகிருஷ்ண மிசன் பாடசாலைகளை வளர்த்தார். ஞானோபதேச மணியைக் கேட்டு வளர்ந்தமையால் அவருடைய சைவம் குன்றிவிடவில்லை. தம் சமயத்தாருக்கும் இத்தகைய பாடசாலைகள் வேண்டுமென்ற எண்ணம் வலுப்பெற அப்பயிற்சி காரணமாயிற்று எனக் கொள்ளலாம்.

முஸ்லிம்களிடையே சித்திலெப்பை 1882-இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியது முதல் இதே கருத்தை வற்புறுத்தினார். கொழும்பு மருதானையில் 1892-இல் தோன்றிய பாடசாலையே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாயிற்று. ஆயினும் தலைநகரத்தின் விழிப்புக் கிழக்குக் கரையை அடைய அரை நூற்றாண்டு சென்றது. போர்க்கால உணவு நெருக்கடியின்போது, 1942-இல், ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். நெல் விளைவிக்கும் பணிக்கென வந்த அவர், நெல் வளமிக்க ஊர்களில் கல்வி வறண்டிருப்பதைக் கண்டார். அடிகளாரோடும் அவர் இங்கு அளவளாவினார். 1945-இல் அவர் நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்குக் கல்முனையில் பெற்ற அனுபவமே வித்தாயிற்று.

1960-ஆம் ஆண்டுச் சட்டம் காட்சியை மாற்றிற்று. அவ்வாண்டு டிசம்பர் முதலாந் திகதி உதவி பெறும் பாடசாலைகளின் நிர்வாகம் அரசினரைச் சேர்ந்தது. பெரிய கல்லூரிகள் விரும்பினால் கட்டணமும் உதவியும் இன்றித் தனியே நிற்கலாம். சிறிய ஆரம்ப பாடசாலைகளுக்கு அத்தெரிவும் இருக்கவில்லை. கத்தோலிக்கர் பல இடங்களில் பாடசாலைக் கட்டடங்களுக்குள்ளேயே தங்கிக் காவலிருந்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் 1961-இல் வந்து சமரசம் பேசினார். சட்டத்தை நடைமுறைப்படுத்திய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் ஒரு முஸ்லிம். கம்பளை ஸாஹிராவின் அதிபராயிருந்தவர். மிசன் பாடசாலை வாயிலில் தயங்கி நின்ற சமூகத்தாருள் ஒருவரது கையிலே அதன் திறவுகோல் சேர்ந்தது. அதனை நீதி என்பாரும் உளர். பறிப்பு என்பாரும் உளர். இருசாராரிடமும் நியாயம் உண்டு. தம் பணத்திற் கட்டிய கூரையின் கீழ்த் தம் பிள்ளைக்கு மறை போதிக்க இயலுமா என்று கத்தோலிக்கர் அஞ்சியது பொய்யச்சமன்று.

பின்னர் சமயம் ஒரு பாடமாகவே நிலைபெற்றது. அவரவர் பிள்ளைக்கு அவரவர் சமயம். சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம், பௌத்தம் எனத் தனித்தனிப் பாடநூல்கள் உள்ளன, க. பொ. த. சாதாரண தரத்தில் தனித்தனி வினாத்தாள்களும் உள்ளன. இதில் இடர்ப்படுவோர் எங்கும் சிறுதொகையினரே. வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளே ஒரு சமயத்தவராயின், அவர்களுக்கென ஓர் ஆசிரியர் கிடைப்பது அரிது. முன்னர் விலகி நின்றவர் ஒருவர். இப்போது விலகி நிற்பவர் வேறொருவர்.

கல்முனையின் கத்தோலிக்கக் கல்விக்கூடம் இன்று கார்மேல் பற்றிமா கல்லூரி என்னும் தேசிய பாடசாலை. 1917-இல் மாதா காட்சியளித்ததாகக் கத்தோலிக்கர் போற்றும் போர்த்துக்கல் நாட்டுச் சிற்றூரின் பெயரே பற்றிமா. அவ்வூர்ப் பெயரோ, அந்நாட்டை அரபியர் ஆண்ட காலத்தின் எச்சமாகிய அரபுப் பெயர். நபிகள் நாயகத்தின் மகளாரின் திருநாமமும் அதுவே. கல்முனைக்குடித் தாய்மார் பலருக்கு அது தம் வீட்டுப் பெயர்.

ஞானோபதேசம் பெரும்பாலும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு இடம் மாறிவிட்டது. முஸ்லிம் பிள்ளைகளுக்கும் ஞாயிறுதோறும் நடைபெறும் அஹதிய்யா பாடசாலைகள் உள்ளன. அப்பெயர் ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்தே வந்தது. முஸ்லிம்களுக்குச் சிறப்பான நாள் வெள்ளியே. எனினும் பாடசாலை விடுமுறை ஞாயிறன்று வருவதால் அந்நாளே கொள்ளப்பட்டது.